வின்னிபெக்கிலிருந்து ஒரு பழைய கார்டு

வின்னிபெக்,
மானிடோபா மாநிலம், கனடா,
16 மார்ச் 2014, ஞாயிறு

அன்புள்ள டிரைவர் துரைக்கு,

நீ டிசம்பரில் போட்ட கடிதத்துக்கு மார்ச்சில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். "கூட்ஸ் வண்டிக்காரன் புத்தி, எதிலும் லேட்டு" என்று தங்கச்சியிடம் சொல்லியிருப்பாய். அது இங்கேயே கேட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று பாப்பா உன் பையனிடம் போனில் விசாரித்துச் சொன்னாள். மாடிப்படி ஏறாதே. (இது உனக்கு எழுதியது இல்லை, தங்கச்சி படித்துக் காட்டுவதற்காக எழுதியது.) என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேரனுக்குத் தமிழில் 'வேண்டாம்' மட்டும் சுத்தமாக வருகிறது. எனக்கு ஒன்றும் இல்லை, குளிர் மட்டும்தான்.

குளிர் என்றால் சாமல்பட்டியில் மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடுங்கினோமே, அந்தக் குளிர் இல்லை. டிசம்பர் 31ஆம் தேதி இந்த ஊரில் மைனஸ் 31. செவ்வாய்க் கிரகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கியூரியாசிட்டி வண்டி காட்டிய அளவும் எங்கள் தெரு அளவும் ஏறக்குறைய ஒன்று என்று இங்குள்ள மானிடோபா மியூசியம் சொல்லி, உலகம் முழுக்கப் பேப்பரில் வந்தது. அப்புறம் தரை உறைந்தது. ஆறேழு அடி ஆழத்துக்கு உறைந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர்க் குழாயே கட்டியாகிவிட்டது. குழாயை மூடாதே, பென்சில் கனத்துக்கு எந்நேரமும் ஓடவிடு என்று மாநகராட்சி சொல்கிறது. சொட்டுத் தண்ணீருக்கு வாஷரை மாற்றி மாற்றி வாழ்ந்தவன் நான். ராத்திரி பூராவும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் தூக்கம் எப்படி வரும்?

இந்தக் குழாய்க் கதையை எழுதத்தான் பேனாவை எடுத்தேன் என்று நினைக்காதே. விஷயம் மாப்பிள்ளையைப் பற்றியது.

மாப்பிள்ளை இங்கே சரக்கு ரயிலில் கண்டக்டர் என்று போன வருஷமே எழுதினேன். ஈரோட்டில் எதிர்வீட்டு அம்மா "எந்த ரூட் பஸ்?" என்று கேட்ட கதையையும் எழுதிவிட்டேன் என்று ஞாபகம். கண்டக்டர் என்றால் நம்ம ரயில் கார்டுதான், நான் பார்த்த அதே வேலை. எந்தக் கம்பெனி என்று மட்டும் எழுதக்கூடாதாம். மாமா கடிதம் எழுதினால் அது ஜோலார்பேட்டை டீக்கடையில் வாசிக்கப்படும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி மூன்றாவது வாரம். ராத்திரி 11 மணிக்கு போன். இங்கே டியூட்டிக்கு எழுப்ப வருகிற கால் பாய் கிடையாது, சைக்கிள் கிடையாது, தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட கால் புக் கிடையாது. போன் அடிக்கும், இரண்டு மணி நேரத்தில் யார்டில் நிற்க வேண்டும். பாப்பா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். மேற்கே போய், அங்கே நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊரில் ஒப்படைக்க வேண்டும். வழக்கமாக எட்டொன்பது மணி நேர வேலை.

மறுநாள் மதியம் ஆயிற்று, ஆளைக் காணோம். சாயங்காலமும் ஆயிற்று. செல்போனில் டவர் இல்லை. பாப்பா ஒன்றும் பேசாமல் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நாலு வருஷம் இந்த ஜன்னலில் உட்கார்ந்தவள் என் பொண்டாட்டி. எனக்கு அன்றைக்குத்தான் முதல் டியூட்டி. "இப்போ தெரியுதா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

நடந்தது இதுதான். முன்னால் எங்கோ தண்டவாளம் விரிசல் விட்டிருக்கிறது. நமக்கு மே மாதம் தண்டவாளம் நெளியும். இங்கே குளிரில் சுருங்கி வெல்டிங்கில் பட்டென்று விட்டுவிடும். அதைச் சரிபண்ணும்வரை வண்டி லூப்பில், பக்கப் பாதையில். 12 மணி நேரம் ஆகிவிட்டால் சட்டப்படி வண்டியைத் தொடக்கூடாது, ரிலீஃப் ஆள் வரவேண்டும். ரிலீஃபுக்கு ஆளே இல்லை. கடைசியில் வண்டியை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு வாருங்கள், வேன் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கட்டிப்போடுவது என்றால் என்ன என்று உனக்கா சொல்ல வேண்டும்? ஒவ்வொரு பெட்டியாக ஏறி, ஹேண்ட் பிரேக் சக்கரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். மைனஸ் 34இல், தொடை அளவு பனியில். சாதாரண கையுறையோடு அந்த இரும்பைப் பிடித்தால் விரல் இருக்கிறதா என்றே தெரியாதாம். மூச்சு விட்டால் கண் இமை ஒட்டிக்கொள்கிறது, இரண்டு பெட்டிக்கு ஒருதரம் நின்று கையால் இமையைத் தேய்த்து விட வேண்டும். வாக்கி டாக்கி பேட்டரி குளிரில் செத்துப்போகும் என்று அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பதினைந்து பெட்டி இறுக்கியிருக்கிறார். அப்புறம் இன்ஜினுக்குத் திரும்பி, கேபின் ஹீட்டர் மேல் டிபன் பாக்ஸை வைத்து, உறைந்துபோன எலுமிச்சை சாதத்தை இளக்கி இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்கார டிரைவர் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றாராம். வேன் வந்து வீடு சேர 22 மணி நேரம்.

வந்தவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இது தினமும் நடக்குது மாமா. நீங்க இன்னைக்குத்தான் முழிச்சிருந்தீங்க."

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். மாப்பிள்ளையைச் சாப்பிட விடாமல் கேள்வி கேட்கிறேன். புரிந்தவரைக்கும் உனக்குச் சொல்கிறேன், உன்னைத் தவிர வேறு யார் பொறுமையாகக் கேட்பார்கள்?

இங்கே வண்டி என்பது நம்ம 58 பெட்டி பாக்ஸ்என் ரேக் இல்லை. 150 பெட்டி சாதாரணம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஏர் பிரேக். பெட்டிக்குப் பெட்டி ரப்பர் ஹோஸ். குளிர் ஏற ஏற அந்த வாஷர்கள் கல்லாக இறுகி, ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஒழுகும். முன்னால் 90 பவுண்டு காட்டும், கடைசிப் பெட்டியில் ஏறவே ஏறாது. அதனால் மைனஸ் 25க்குக் கீழே போனால் வண்டியைச் சுருக்கியாக வேண்டும். இன்னும் இறங்கினால் இன்னும் சுருக்க வேண்டும். நடுவில் ஒரு இன்ஜினைச் செருகி அங்கிருந்தும் காற்று கொடுக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு இன்ஜின் வேண்டுமே.

சரி, 150 பெட்டி வண்டியை இரண்டாக வெட்டியாச்சு. சரக்கு அதேதான். ஆனால் இன்ஜின் இரண்டு செட், டிரைவர் இரண்டு பேர், கண்டக்டர் இரண்டு பேர். லைனில் ஒரு வண்டி இருந்த இடத்தில் இரண்டு வண்டி. பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எதிரில் வருகிற வண்டிக்காக ஒவ்வொன்றும் லூப்பில் காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடந்தால் 12 மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். ரிலீஃபுக்கு யாரை அனுப்புவார்கள்? நாளைக் காலை வண்டிக்கு என்று ஓய்வில் இருக்கிறவனை அனுப்புவார்கள். அப்போது நாளைக் காலை வண்டிக்கு ஆள் இல்லை, அது யார்டில் நிற்கும். யார்டு நிறைந்தால் வருகிற வண்டியை உள்ளே விட முடியாது, வெளியே லூப்பில் நிறுத்துவார்கள். அங்கேயும் 12 மணி நேரம் தீரும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதை. வட்டி மட்டும் குட்டி போட்டுக்கொண்டே போகும்.

மேட்டூர் நிலக்கரி வண்டியோடு டேனிஷ்பேட்டை லூப்பில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தோமே, போண்டா சம்பவம், அன்றைக்கு ஒரு செக்‌ஷன்தான் அடைத்தது. இங்கே ஜனவரியில் சிகாகோ அடைத்தது. அமெரிக்காவின் சரக்கு ரயில் போக்குவரத்தில் நாலில் ஒரு பங்கு அந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. ஜனவரி 6ஆம் தேதி அங்கே மைனஸ் 27க்குப் போய்விட்டது. இவர்கள் அனுப்பும் வண்டிகளை வாங்க அங்கே இடம் இல்லை, இன்ஜின்கள் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டன. ஜோலார்பேட்டை அடைத்தால் ஈரோடு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இங்கே ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஜின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, உனக்குப் பிடிக்கும். இங்கேயும் டீசல் இன்ஜினின் குளிரூட்டும் தண்ணீரில் உறையாமல் இருக்க ஒன்றும் கலப்பதில்லை, உன் டபிள்யூ.டி.எம். 2 மாதிரி வெறும் தண்ணீரும் துரு மருந்தும்தான். அதனால் குளிர்காலத்தில் இன்ஜினை அணைக்கவே கூடாது. யார்டில் ராத்திரி பூராவும் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். ஒன்று எப்படியாவது நின்றுபோனால் வால்வு தானாகத் திறந்து அத்தனை தண்ணீரையும் கீழே கொட்டிவிடும், இல்லாவிட்டால் பிளாக் வெடிக்கும். கொட்டிய இன்ஜின் ஷெட்டுக்குப் போய் வரும்வரை செத்த கணக்கு. ஏற்கெனவே பற்றாக்குறை, அதில் இது வேறு.

கம்பெனிகள் "குளிர், குளிர்" என்கின்றன. குளிர் பெரிசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மானிடோபாவில் குளிர்காலம் என்ன சொல்லாமல் வந்த விருந்தாளியா? ஹன்டர் ஹாரிசன் என்று ஒருவர். 2003இலிருந்து 2009 வரை கனடியன் நேஷனலுக்குத் தலைவர், 2012இலிருந்து கனடியன் பசிபிக்கிற்குத் தலைவர். இரண்டு பெரிய கம்பெனிக்கும் அவர் கைவண்ணம் உண்டு. சும்மா நிற்கிற இன்ஜின் வீண், சும்மா இருக்கிற ஆள் வீண், யார்டில் படுத்திருக்கிற பெட்டி வீண். குறைந்த சொத்தில் அட்டவணை பிசகாமல் ஓட்டு என்பது அவர் வழி. இந்தத் தொழிலில் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு, காதால் கேட்கக்கூடாத வார்த்தையால் திட்டுகிறவர்களும் உண்டு. 2012 டிசம்பரில் பெரிய கம்பெனி ஒன்று 2016க்குள் 4,500 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஜூலை மாதக் கணக்குக்கு அது சரியாகத்தான் இருக்கும். ஜனவரியில் கண்டக்டரைக் கடையில் போய் வாங்க முடியுமா? ஆள் எடுத்து, பழக்கி, தனியாக அனுப்ப ஆறு மாதம் ஆகும். டிரைவருக்கு இன்னும் அதிகம். நம்ம மேலதிகாரி மொட்டை டி.ஐ. எப்போதும் இரண்டு செட் ஆட்களை ரன்னிங் ரூமில் சும்மா வைத்திருப்பாரே, சீட்டு விளையாடுகிறார்கள் என்று நாம்கூடக் கிண்டல் பண்ணுவோம். அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடணும் போல இருக்கிறது. இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

இதில் விவசாயி பாடு தனி. போன வருஷம் மேற்குக் கனடாவில் இதுவரை காணாத விளைச்சல். மேற்கில் மட்டும் தானியமும் எண்ணெய் வித்தும் சேர்த்து ஏறக்குறைய 7.6 கோடி டன். போன வாரம் போர்ட்டேஜ் லா பிரைரி பக்கம் காரில் போனோம். வயல் நடுவே வெள்ளையாக, யானைத் தடிமனில், பிளாஸ்டிக் பை நீளநீளமாகப் படுத்திருக்கிறது. அத்தனையும் கோதுமை. குதிரில் இடம் இல்லாமல் பையில் அடைத்து வயலிலேயே போட்டிருக்கிறார்கள். பையும் கிடைக்காதவர்கள் தரையில் கொட்டி வைத்திருக்கிறார்கள், மேலே பனி. வான்கூவரில் கப்பல்கள் காலியாக நங்கூரம் போட்டு நிற்கின்றன, தாமதக் கட்டணம் ஏறுகிறது, அது எப்படியோ சுற்றி வந்து விவசாயிக்குக் கொடுக்கிற விலையில் கழிகிறது. முன்பு மேற்குக் கனடாவின் கோதுமையை எல்லாம் வாங்கி விற்கக் கோதுமை வாரியம் என்று ஒன்று இருந்தது. அதன் ஏகபோகத்தை 2012 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். எந்தப் பெட்டி முதலில் எந்தக் கப்பலுக்கு என்று மொத்தமாகப் பார்த்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை என்கிறார்கள். போர்ட்டேஜில் காபிக் கடையில் ஒரு கிழவர், நம்ம வயசு இருக்கும், என்னிடம் "உன் மருமகன் ரயில்வேயா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே என் காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மார்ச் 7ஆம் தேதி அரசாங்கமே இறங்கிவிட்டது. இரண்டு பெரிய கம்பெனிகளும் வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் டன் தானியம் ஏற்றியாக வேண்டும், நாலு வாரத்துக்குள் அந்த அளவுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் என்று உத்தரவு. போக்குவரத்து அமைச்சர் லிசா ரைட்டும் விவசாய அமைச்சர் ஜெர்ரி ரிட்ஸும் சேர்ந்து அறிவித்தார்கள். விவசாயிகளுக்குச் சந்தோஷம். எனக்கு என்ன பயம் என்றால், உத்தரவு போட்டால் டன் கூடும், ஆள் எங்கிருந்து கூடுவான்? இருக்கிற மாப்பிள்ளைகளுக்குத்தான் போன் அடிக்கும்.

பருப்பும் இதில் மாட்டியிருக்கிறது, தெரியுமா? ரேஷனில் கனடா பருப்பு போட்டார்களே, தங்கச்சி "இது வேகவே வேகாது, சாம்பாருக்கு ஆகாது" என்று கொட்டினாளே, அது இந்தப் பக்கத்துச் சரக்குதான். பக்கத்து மாநிலமான சஸ்காட்சுவானில் கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான் விளைகிறது. அடுத்த தடவை வேகாவிட்டால் லூப்பில் கிடந்து குளிரில் விறைத்த பருப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. இதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டாதே.

இங்கே வண்டியின் கடைசியில் கார்டு உட்காருகிற பிரேக் வேன் கிடையாது. 1990 வாக்கிலேயே எடுத்துவிட்டார்கள். கண்டக்டரும் முன்னால் டிரைவர் பக்கத்தில்தான் உட்காருகிறார். கடைசிப் பெட்டிக் கப்ளிங்கில் ஒரு டப்பாவை மாட்டுகிறார்கள், நம்ம கார்டு பெட்டியில் பாதிகூட இருக்காது. ராத்திரி சிவப்பாக மினுக்கும், கடைசிப் பெட்டியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ரேடியோவில் முன்னால் சொல்லும். டிரைவர் ஒரு பட்டனை அழுத்தினால் பின்னாலிருந்தே காற்றைத் திறந்துவிட்டு அவசர பிரேக் போடும். முதல் நாள் மாப்பிள்ளை யார்டில் காட்டியபோது "முப்பத்து நாலு வருஷம் நான் பார்த்த வேலை இதுதானா?" என்று சிரித்தேன். பின்னாலே தூங்கிக்கொண்டு வருகிற பாசஞ்சர் என்று என்னைச் சொல்வாயே, அதையும் அவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்த 22 மணி நேர ராத்திரிக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்த டப்பா டிரைவர் அழுத்தினால் திறக்கும். டிரைவர் அழுத்தாவிட்டால்?

1986. நீயும் நானும். எந்த ராத்திரி என்று எழுத மாட்டேன். வேகம் குறைய வேண்டிய இடத்தில் குறையவில்லை. நான் வேனிலிருந்து எட்டிப் பார்த்தேன், சிவப்பு தெரிந்தது. வாக்கம் பிரேக் வால்வைத் திறந்தேன். வண்டி நின்றது. நீ விசில் கொடுத்தாய், நான் விளக்கைக் காட்டினேன், போனோம். ஏன் இழுத்தாய் என்று நீ இன்றுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மறுநாள் டீக்கடையில் எனக்கு நீ காசு கொடுக்க விடாமல் நீயே கொடுத்தாய், அதோடு சரி.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அத்தனை மணி நேரம் கண் விழித்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான். இங்கே கேபினில் கண்ணயர்ந்தால் கத்துகிற கருவி இருக்கிறதாம். மாப்பிள்ளை சொல்கிறார், கொஞ்ச நாளில் தூக்கத்திலேயே கை போய்த் தட்டிவிடுமாம். இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் தூங்கினால் ஒருவர் பார்த்துக்கொள்வார், அதுவரைக்கும் ஆறுதல். போன ஜூலை 6ஆம் தேதி கியூபெக் பக்கம் லாக்-மெகான்டிக் ஊரில் எண்ணெய் வண்டி ஒன்று தானாக உருண்டு வந்து கவிழ்ந்து எரிந்ததே, 47 பேர் செத்தார்கள், அந்த வண்டிக்கு ஒரே ஆள். ராத்திரி மேட்டில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், இன்ஜினை அணைத்ததும் காற்று இறங்கியிருக்கிறது, இறுக்கின ஹேண்ட் பிரேக் தாங்கவில்லை. மாப்பிள்ளை அன்றைக்குப் பதினைந்து பெட்டி இறுக்கியதாகச் சொன்னபோது, "போதுமா? எண்ணினீர்களா? இழுத்துப் பார்த்தீர்களா?" என்று நான் கேட்ட கேள்வியில் பாப்பா பயந்துவிட்டாள். "தள்ளிப் பார்த்தோம் மாமா, அசையல" என்றார். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அவரிடம் வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல சம்பளம். அதைவிட, அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, உனக்கும் எனக்கும் பிடித்த மாதிரி. விடியலில் சமவெளியில் வண்டி போகும்போது சூரியனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சூரியன் தெரியுமாம், குளிர்காற்றில் இருக்கும் பனித்துகள் செய்கிற வேலை. அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே. உன் மூஞ்சிதான், லோகூர் வளைவில் முழு நிலா அன்றைக்கு இருந்த மூஞ்சி.

பட்டாணியின் பென்ஷன் கேஸ் என்ன ஆயிற்று? அவன் மகள் கல்யாணத்துக்கு என் பங்காக ஒரு ஐயாயிரம் நீ போட்டுவிடு, ஜூனில் வந்து தருகிறேன். குறைத்துப் போட்டுவிட்டுக் கூட்டிக் கணக்குச் சொல்லாதே.

இன்னொன்று. என் முக்கலர் கைவிளக்கு உன் வீட்டுப் பரணில் இருக்கிறது, ரிட்டயர்மென்ட் அன்றைக்கு உன் வீட்டில் வைத்தது. உன் பையன் மே மாதம் டொராண்டோ வருகிறானாமே, அவனிடம் கொடுத்துவிடு. மாப்பிள்ளை பார்க்க ஆசைப்படுகிறார். சிவப்புக் கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு கீறல் உண்டு, அது என் கணக்கு. இரண்டாவது கீறல் இருந்தால் உன் கணக்கு.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்துவிட்டது. இன்றைக்கு மைனஸ் 19தான், வண்டி முழு நீளம் போகுமாம். பாப்பா புளிசாதம் கட்டுகிறாள்.

உன்,
பழைய கார்டு